சூட்டுக்கு விட்ட இடம்

"ஓட்டையை எங்கே போடணும்னு தெரியாதவங்கதான் ஓட்டையை நீளமாப் போடுவாங்க, மிஸ் எஸ்தர்."

வரதராஜன் சார் இதைச் சொன்னபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. அதன் டிராயிங் ஆபீசுக்கு அவர்தான் தலைவர். நான் வரைந்து கொடுத்த தாளில், வட்டமாக இருக்க வேண்டிய போல்ட் துளைகள் கேப்சூல் மாத்திரை போல நீண்டிருந்தன. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளைக் குப்புறத் திருப்பி மேசைமேல் போட்டு, அதன்மேல் டீ கிளாசை வைத்தார்.

எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். அவர் யாரையும் திட்டியதில்லை, தாளைக் கிழித்ததில்லை. பிடிக்காத டிராயிங் குப்புறப் படுக்கும், அதன்மேல் டீ கிளாஸ் உட்காரும். வரைந்தவர் தானாக வந்து கிளாசை நகர்த்தித் தாளை எடுத்துக்கொண்டு போய்த் திருத்த வேண்டும். முதுகில் ஈர வட்டத்தோடு திரும்பி வரும் தாளைப் பார்த்தே யாருடையது தேறவில்லை என்று மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள்.

நான் போய் எடுக்கவில்லை.

இந்தக் கதையை எங்கள் தொழிற்சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள், இப்போது கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் இரண்டு பெண்கள். இந்த வருடம் டிராயிங் போர்டுகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோது கம்பெனி எங்களில் பலருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. எனக்கு வயது முப்பத்தைந்து. விடைபெறும் கூட்டத்தில் பெயர்களைப் படித்த சங்கச் செயலாளர் என் பெயர் வந்ததும் நிறுத்தி, "இது ரிட்டையர் ஆவறவங்க லிஸ்ட்டுதானே?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே மாலையை வாங்கிக்கொண்டேன். ஆகவே, ஓய்வு பெற்றவள் என்று எழுதிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

என் நைனா பட்டாபிராமில் ராணுவக் கிடங்கின் ரயில் சைடிங்கில் சரக்கு இறக்குபவர். அம்மா, கல்யாணத்துக்கு முன்பு திருநின்றவூர் ஏரிப் பாசன வயல்களில் நடவு நட்டவள். இரண்டு பேர் குடும்பத்திலும் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக் டிப்ளமோ வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. டிராயிங் சுருட்டி வைத்த நீளக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறுவேன். கூடையோடு வரும் மீன்காரம்மா ஒருத்தி ஒரு நாள் கேட்டாள்: "இன்னா பாப்பா, தெனமும் பாயச் சுருட்டிக்கினு வேலைக்குப் போற. அங்க போயித் தூங்குவியா?" கம்பார்ட்மென்டே சிரித்தது. குழாயைத் திறந்து ஒரு தாளை விரித்துக் காட்டினேன். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது, கோலம்" என்றாள்.

எங்கள் ஆபீசில் ஒவ்வொரு டிராயிங்கின் வலது ஓரத்திலும், கீழே, கையெழுத்துக் கட்டங்கள் இருக்கும். வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர். பெண்களை எடுத்தது ட்ரேசிங் போடத்தான். இன்னொருவர் பென்சிலில் வரைந்ததன்மேல் மெல்லிய தாளை விரித்து இங்க்கில் இழுப்பது அந்த வேலை. அதனால் எங்கள் கையெழுத்து 'வரைந்தவர்' கட்டத்தோடு நின்றுவிடும். 'வடிவமைத்தவர்' கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர் அதுவரை வந்ததில்லை.

எனக்கு அந்தக் கட்டம் கிடைக்கக் காரணம் ஒரு புஷ். வெட் கிரைண்டர் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு நைலான் புஷ் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரும்பு வளையத்துக்குள் இறுக்கி அடித்த நைலான் வளையம் அது. அதற்குள் தண்டு சுழலும். அரை மணி நேரம் மாவு அரைத்தால் கிரைண்டர் நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது என்று புகார் வந்தது. திரும்பி வந்த புஷ்களை இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் அளந்தார்கள். அளவில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஃபேக்டரியில் ஏசி இருந்தது அந்த ஒரு ரூமில்தான். அளக்க வேண்டிய பொருளை முந்தின நாளே உள்ளே வைத்துக் குளிர விட்டு, மறுநாள்தான் அளப்பார்கள். அதுதான் முறை, முறையில் தவறும் இல்லை. மே மாதத்தில் அந்த ரூமுக்குள் போக ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். நானும் அப்படித்தான் போய் நின்றேன். கையில் கிடைத்த புஷ்ஷில் தண்டை நுழைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மெஷின் ஓடும் ஷாப்புக்கு வந்து, வேறு பேச்சில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பிறகு தண்டைத் திருகிப் பார்த்தால் திரும்பவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நுழைந்தது இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டது.

நைலான் சூட்டில் பெருக்கும் என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். ஆனால் இரும்பு வளையம் வெளியே விடாதபோது அது உள்பக்கமாக வளர்ந்து தண்டைப் பிடிக்கும் என்பதைக் கையால் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். (ஈரம் குடித்தாலும் நைலான் பெருக்கும். அது வேறு கதை.) தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் இடம் விடச் சொன்னேன். விட்டார்கள். புகார் நின்றது.

வரதராஜன் சார் பாராட்டவில்லை. ஒரு வாரம் கழித்து என் மேசைக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆறு மாசம் டிசைன் பண்ணிப் பாருங்க. உங்க டிராயிங்னால ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும் மறுபடியும் ட்ரேசிங் டேபிள்தான். வருத்தப்படக் கூடாது."

"சரி சார்" என்றேன். அந்த ஆறு மாதத்தில் வந்ததுதான் நீள ஓட்டை டிராயிங்.

குமணன்சாவடி தாண்டி, பெங்களூர் ரோட்டில், கண்ணாடி பாட்டில்களில் ஜூஸ் அடைக்கும் ஒரு தொழிற்சாலை இருந்தது. காலி பாட்டில்கள் வரிசையாக ஒரு சங்கிலிப் பாதையில் போகும். மேலிருந்து கொதிநீர் பீய்ச்சும். பாட்டில் பாதையை விட்டு விலகாமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை போட்டிருந்தார்கள். உரசி உரசிப் பாட்டிலில் கீறல் விழுந்ததால் இரும்பை எடுத்துவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் பட்டை கேட்டார்கள். ஒரு ஆள் கை நீட்டினால் எட்டும் அளவு நீளமான பட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக.

அந்த பிளாஸ்டிக் வழுவழுப்பானது, தேயாது, ஆனால் சூடு பட்டால் இரும்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேலே நீளும். கணக்குப் போட்டேன். கொதிநீர் ஓடும்போது ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய ஒரு விரல் அகலம் நீள வேண்டும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டமோ அசைந்தேன் என்று காட்டக்கூட அசையாது. அதனால் பட்டையின் நடுவில் மட்டும் ஒரு வட்டத் துளை போட்டேன், அது இடத்தைப் பிடித்துக்கொள்ள. மற்றதெல்லாம் நீளத் துளைகள், போல்ட்டுக்குக் கீழே பட்டை நகர. போல்ட் பட்டையை நசுக்காமல் இருக்க ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு சின்ன இரும்புக் குழல், காலர் என்போம். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே ஒரு விரல் இடம்.

இந்தத் தாள்தான் டீ கிளாசுக்குக் கீழே கிடந்தது. மறுநாள் காலையும் அங்கேயே கிடந்தது. ஆபீசே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானம் அவரே கிளாசை நகர்த்தி, தாளைத் திருப்பி, என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க எடுத்துப் போகலையே."

"திருத்தறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல சார்."

அவர் ஒரு காலத்தில் ரயில் பெட்டி கட்டும் இடத்தில் வேலை பார்த்தவர். இரும்பு மனிதர் என்று அவரைச் சொன்னால் அது புகழ்ச்சி அல்ல, தொழில். துளையும் போல்ட்டும் சேர்ந்தால் அசையக் கூடாது என்பது அவருக்கு வேதம். ஆனால் புஷ் விஷயம் அவருக்கும் நினைவில் இருந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார். "உங்க பொறுப்பு" என்று மட்டும் சொன்னார்.

பட்டைகள் தயாராகிப் போயின. பொருத்தப் போனவர் டில்லி அண்ணன். ஷாப்பில் மூத்த ஃபிட்டர் அவர். 'டில்லி பூட்டுனா நகம் நுழையாது' என்பது எங்கள் எஸ்டேட்டில் ஒரு பழமொழி மாதிரி. இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் அவர் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் தட்டினால் பிரித்து மறுபடி அரம் போடுவார். மற்ற ஃபிட்டர்களும் அப்படித்தான். ஆட்டம் காட்டும் வேலையை அவர்கள் வேலை என்றே சொல்வதில்லை. 'கடகட' என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கடகட வேலை செய்தவனுக்கு அன்றைக்கு டீ நேரத்தில் தலை நிமிர முடியாது.

பத்து நாள் ஓடியிருக்கும். குமணன்சாவடியிலிருந்து புகார் வந்தது. பட்டை வளைந்து பாட்டில் விழுகிறது. எங்கள் சர்வீஸ் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் நேராக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். மறுபடி புகார். மறுபடி போனார். மறுபடி குறை இல்லை. மூன்றாவது தடவை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றே சொல்லிவிட்டார்கள்.

வரதராஜன் சார் என் மேசைக்கு வந்து சுவரைப் பார்த்தார்.

"நாளைக்கு நீங்களே போங்க. டில்லியைக் கூட்டிட்டுப் போங்க. காரணத்தோட வாங்க. காரணம் டிராயிங்னா, திங்கட்கிழமையிலேர்ந்து…"

"தெரியும் சார்."

அன்று வீட்டில் நைனாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சைடிங்கில் கூட வேலை செய்பவர்களிடம் "எம் பொண்ணு மெஷினு டிசைன் பண்றா" என்று அவர் சொல்ல ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலை பூந்தமல்லி பஸ்ஸில் டில்லி அண்ணன் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "நீ ஒண்ணியும் பயப்படாத மா. உன் டிராயிங்ல இன்னா கொற இருந்தாலும் அத்தெல்லாம் நான் அப்பவே பாத்துக்கினேன்."

ஆறுதல் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அங்கே மெயின்டனன்ஸ் பார்த்தவர் ஜோசப் என்று ஒருவர். கேட்டிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். "வாங்க டாக்டரம்மா. பேஷன்ட்டு இப்ப நல்லாத்தான் கீறான். தண்ணி கொதிச்சாத்தான் அவனுக்குச் சாமி வரும். உங்க ஆளு ரெண்டு வாட்டியும் சாமி மலையேறுனப்புறம்தான் வந்தாரு."

மெஷின் குளிர்ந்து கிடந்தது. பட்டைகள் நேர்கோடு. மேலே தகர மூடி போட்டிருந்ததால் போல்ட்டும் பட்டைகளின் முனைகளும் தெரியவில்லை. உள்விளிம்பு மட்டும் தெரிந்தது. சர்வீஸ் ஆளின் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. புஷ்ஷைப் போலவே இதுவும் சூட்டில் மட்டும் செய்யும் குற்றம். ஆறினால் சாட்சி இருக்காது. "கொதிதண்ணி விடற வரைக்கும் இங்கயே இருக்கேன்" என்றேன். ஜோசப் ஒரு ஸ்டூல் போட்டார்.

கழுவல் தொடங்கியது. ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. முதல் கொஞ்ச நேரம் பாட்டில்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் போயின. பிறகு என் கண்ணெதிரிலேயே ஒரு பட்டை, எண்ணெயில் போட்ட அப்பளம் போல நெளிய ஆரம்பித்தது. நடுவில் ஒரு பக்கம், முனையில் இன்னொரு பக்கம். பாதை குறுகியது. ஒரு பாட்டில் சாய்ந்து அடுத்ததன்மேல் விழுந்தது. அது அதற்கடுத்ததன்மேல். கண்ணாடி நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே ஜோசப் கையைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டாரு" என்றார்.

"மூடியக் கழட்டுங்க" என்றேன்.

கழற்றினார்கள். முதலில் முனைகளைப் பார்த்தேன். நான் விட்ட இடம் இல்லை. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே, அதே வெள்ளை பிளாஸ்டிக்கில் வெட்டி, அரம் போட்டு, அழகாகச் செருகிய ஒரு துண்டு. நகம் நுழையாது. போல்ட்டுகளைப் பார்த்தேன். காலர்கள் இல்லை. ஸ்ப்ரிங் வாஷர் போட்டு முடிந்த மட்டும் முறுக்கியிருந்தது. நீளுவதற்கு ஒரு பக்கமும் வழி இல்லாத பிளாஸ்டிக் வேறென்ன செய்யும்? நெளியும்.

நான் டில்லி அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்ணா இதை ரொப்பினது?"

"நான்தான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஜோசப் காதில் விழாமல். "ஒவ்வொரு ஜாயின்ட்லயும் எடம் உட்டு வெச்சிருந்துச்சி மா. சின்னப் பொண்ணு, நீளத்தக் கணக்குப் போடறப்ப எங்கியோ கோட்ட உட்டுடுச்சின்னு நெனச்சேன். ஓட்டையும் நீட்டு நீட்டா இருந்துச்சா… ஆபீசுல போயிச் சொன்னா உன்ன மறுபடியும் ட்ரேசிங்குல போட்டுடுவாங்க. அதான் யாருகிட்டயும் சொல்லாத நானே சரி பண்ணிட்டேன்."

"காலர்?"

"அது போட்டா பட்டை கடகடன்னு ஆடுது. கழட்டிப் போட்டேன்."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லண்ணா?"

"எப்டிக் கேக்கறது? தப்புன்னு சொல்ற மாரி ஆயிடாது?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னை நம்பாதவர்களை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். என்மேல் பாசம் வைத்து, நான் தப்புதான் செய்திருப்பேன் என்று முடிவும் செய்துவிட்டவரை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தண்ணீரை நிறுத்தி ஆறவிட்டோம். டில்லி அண்ணன் தானே குனிந்து ஒவ்வொரு துண்டாக எடுத்தார். அவர் செருகியதை எடுக்க அவருக்கே சிரமமாக இருந்தது. வாஷர்களைக் கழற்றினார். கைவசம் காலர் இல்லாததால், போல்ட்டுகளை முறுக்காமல் இரட்டை நட்டுப் போட்டு நிறுத்தினோம். மறுபடி கொதிநீர் விடச் சொன்னேன்.

அவர் மெஷின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு இடைவெளியின்மேல் கண்ணை வைத்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு விரல் இடம் அரை விரலானது. கால் விரலானது. பாட்டில்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் அந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடுதான் மிச்சம் இருந்தது. அவர் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைக்கப் போய், சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

"அட," என்றார். "அதுவே ரொப்பிக்கிது."

ஜோசப், "அப்ப எங்க பாட்டிலு ஒடஞ்சதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "நாளைக்குச் சொல்றோம்" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் டில்லி அண்ணன் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். "நான்தான் செஞ்சேன்னு எழுதிடு மா. எனக்கு இன்னா, ஏற்கெனவே ஒரு மெமோ கீது. இன்னொண்ணு வந்தா சஸ்பெண்டு பண்ணுவான், அவ்ளோதானே. நீ டிசைன உட்றாத."

வீடு போய்ச் சேரும்வரை அதையே யோசித்தேன். அவரைக் காப்பாற்ற டிராயிங்கில் தப்பு என்று எழுதினால் பார்ப்பவர்கள் தியாகம் என்பார்கள். ஆனால் அது பொய். அந்தப் பொய்க்குப் பிறகு எங்கள் கம்பெனியில் எவரும் பிளாஸ்டிக்குக்கு இடம் விட்டு வரைய மாட்டார்கள். எல்லாத் துளையும் வட்டமாகிவிடும், எல்லாப் பட்டையும் நெளியும். ஃபிட்டர் தப்பு என்று மட்டும் எழுதினால் அது உண்மைதான், ஆனால் அரை உண்மை. டில்லி அண்ணனை வெளியே அனுப்பிவிட்டால், அடுத்து வரும் நல்ல ஃபிட்டரும் அந்த இடத்தைப் பார்த்து வெட்கப்பட்டு அடைக்கத்தான் செய்வார். மோசமான ஃபிட்டராக இருந்தால் அப்படியே விட்டிருப்பார், பட்டையும் நன்றாக ஓடியிருக்கும். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். டிராயிங்கில் இடம் விடப்பட்டிருந்தது. பொருத்தும்போது அது அடைக்கப்பட்டது. அடைத்தவர் அதை வேலைக் குறை என்று கருதினார், ஏனென்றால் அது ஏன் விடப்பட்டது என்று ஆபீசிலிருந்து எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அதோடு ஒரு புது டிராயிங்கும் வைத்தேன். அதில் பட்டைகளின் முனையை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டியிருந்தேன். ஒன்றின் சாய்வு இன்னொன்றின் பக்கத்தில் படிந்து போகும். இடம் அங்கேயே இருக்கும், ஆனால் பார்க்க ஓட்டையாகத் தெரியாது, பாட்டிலும் தட்டாது. இடைவெளிக்குப் பக்கத்தில் தமிழில் எழுதினேன்: 'சூட்டில் பட்டை நீள விட்ட இடம். அடைக்கக் கூடாது.'

வரதராஜன் சார் அறிக்கையைப் படித்தார். புது டிராயிங்கைப் பார்த்தார். குப்புறப் போட்டார். கிளாசை வைத்தார்.

"ஃபிட்டர் தன் இஷ்டத்துக்கு மாத்தியிருக்கான். அவனுக்கு மெமோ. இதுக்கு எதுக்குப் புது டிராயிங்? அதுவும் தமிழ்ல. கஸ்டமர் சிரிப்பான்."

"கஸ்டமர் பொருத்தறதில்ல சார்."

அவர் கிளாசை இன்னும் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளினார். "கேன்டீன் வரைக்கும் வரீங்களா சார்? பத்து நிமிஷம்" என்றேன்.

வந்தார். அதுவே பெரிய விஷயம். அவர் கேன்டீனுக்கு வருவதில்லை, டீ அவர் மேசைக்குப் போகும். டில்லி அண்ணனையும் கூப்பிட்டிருந்தேன். இரண்டு முனையும் அடைத்த ஒரு இரும்புச் சேனலை, தொட்டி மாதிரி, மேசைமேல் வைத்து, அதற்குள் ஒரு வெள்ளைப் பட்டையை, முனைக்கு முனை சரியாக, இடமே இல்லாமல் பொருத்தச் சொன்னேன். டில்லி அண்ணன் அரம் போட்டுப் பொருத்தினார். வரதராஜன் சார் தன் நகத்தை ஓட்டிப் பார்த்து, "நல்ல வேலை" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாய்லரிலிருந்து கொதிநீர் பிடித்து ஊற்றினேன். பட்டை நடுவில் எழும்பி வில்லாக வளைந்தது. அதற்குக் கீழே அவர் விரலை விட்டுப் பார்த்தார். "ஆறட்டும்" என்றார். ஆறியதும் பட்டை படுத்துக்கொண்டது. மறுபடி நகத்தை ஓட்டினார். "இன்னொரு தடவை ஊத்துங்க." ஊற்றினேன். மறுபடி எழுந்தது. மூன்றாவது தடவை அவரே மக்கை வாங்கி ஊற்றினார். சட்டையில் தெறித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. சுற்றிலும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து நின்றார்கள்.

டில்லி அண்ணன்தான் பேசினார். "சார், இத்த முன்னாடியே பாத்திருந்தா நான் ரொப்பியிருக்க மாட்டேன்."

வரதராஜன் சார் அவரைப் பார்த்தார். அப்புறம் மேசையைப் பார்த்தார். "நானும்தான் அதை லூஸ் வேலைன்னு நினைச்சேன்" என்று, யாரிடம் என்று தெரியாமல் சொன்னார்.

ஆபீசுக்குத் திரும்பியதும் கிளாசை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, தாளைத் திருப்பினார். தமிழ் வரியின்மேல் சிவப்புப் பென்சிலை வைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "எழுத்தைப் பெரிசாப் போடுங்க. இவ்வளவு சின்னதா இருந்தா, மெஷினுக்கு உள்ளே தலையை விட்டு நிக்கறவன் எப்படிப் படிப்பான்?" என்றார்.

மெமோ போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டில்லி அண்ணன் போய் எல்லாப் பட்டையையும் மாற்றிப் பொருத்திவிட்டு வந்தார். அது தண்டனையா என்று நான் கேட்டதற்கு, "ஞாயித்துக்கெழம நான் ஊட்ல இருந்தாத்தான் தண்டன" என்றார். உடைந்த பாட்டில்களுக்குக் கம்பெனி ஈடு செய்தது. திங்கட்கிழமை நான் ட்ரேசிங் மேசைக்குப் போகவில்லை. ஆறு மாதம் முடிந்தபோது எவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வேலையின் கோப்பு என் மேசையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் இன்றுவரை உறுத்துகிறது. வாடிக்கையாளருக்குப் போன கடிதத்தில் 'டிசைன் திருத்தப்பட்டது' என்று வரதராஜன் சார் எழுதியிருந்தார். என் முதல் டிசைனில் திருத்த வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அதை அவரிடம் போய்ச் சொன்னேன். "தெரியும்" என்றார். கடிதத்தை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் எத்தனையோ செய்தேன். பல்சக்கரம், உருளை, பம்புக்கான வளையம், ஆவடியில் ஒரு பட்டறைக்குக் கை அகலப் பட்டைகள். ஒவ்வொரு வேலையிலும், தாள் கையெழுத்துக்குப் போகும் முன்பு, பொருத்தப் போகிறவரை வரவழைத்துக் காட்டுவேன். ஆபீசில் இதற்கு 'எஸ்தர் கோர்ட்' என்று பெயர். ஃபிட்டர்கள் முதலில் வந்து கையைக் கட்டி நின்றுவிட்டுப் போனார்கள். கேள்வி கேட்டால் படிச்ச பொண்ணைக் குறை சொன்னதாகிவிடும் என்று சிலருக்கு; தங்களுக்குத் தெரியாதது வெளியே வந்துவிடும் என்று சிலருக்குப் பயம். அவர்கள் வாயைத் திறக்க வைக்க எனக்கு வருடக்கணக்கானது. வரைவதைவிட அது கஷ்டமான வேலை.

கம்ப்யூட்டர் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் திரையில் நீளத் துளை ஒரு நொடியில் விழுகிறது. அழகாகவும் இருக்கிறது. ஆனால் அந்தத் திரை இருப்பது ஏசி ரூமில்.

விருப்ப ஓய்வு என்று கையெழுத்துப் போட்ட மாதமே பட்டாபிராமில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு ஷெட் எடுத்தேன். ஒரு கட்டர், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு மேசை. கூட வேலைக்கு இரண்டு ஃபிட்டர்கள். முதல் ஆர்டர் திருநின்றவூர்ப் பக்கம் பால் கேன் கழுவும் ஓர் இடத்திலிருந்து வந்தது. காலையில் வெயிலுக்கு முன் வந்து அளந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் கழுவல் நடக்கும் உச்சிப் பொழுதில் போய் அளந்து வந்தேன்.

போன வாரம் பட்டைகளை வெட்டி முடித்தோம். டிராயிங்கை மேசையில் விரித்து, ஃபிட்டர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். அவர்களில் வெங்கடேசன் என்பவர் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. தாளை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு பட்டைகளுக்கு நடுவே இருந்த இடத்தின்மேல் விரலை வைத்தார்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. இங்க இன்னாத்துக்கு எடம் உட்டிருக்கீங்க?"

தப்பாக நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஸ்டவ்வைப் பற்ற வைத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தை ஏற்றினேன்.